படித் திருப்பத்து டப்பாக்காரர்

இடது கையால் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஜன்னலின் மேல் மூலைக்கு உயர்த்துகிறார். உள்ளங்கையில் இருக்கும் டப்பாவை ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி நகர்த்துகிறார். டப்பாவின் சின்னத் திரையில் மூன்றாவது கோடு எழுந்ததும் மூச்சை விட்டு, படிக்கட்டின் கீழ்ப்பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "ஏறிக்கலாம்! எட்டுப் பேருக்கு மேல வேணாம். ஓவர்லோடு ஆச்சுன்னா எல்லாரும் நடுவுல மாட்டிக்குவீங்க."

வேலை செய்த காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். ஓய்வு பெற்ற பின்னும் சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. இவர் பேச்சில் எதுவும் ஏறும், இறங்கும், இல்லாவிட்டால் நடுவில் நின்று மானத்தை வாங்கும்.

டப்பா என்று இவர் சொல்வது கையடக்க ரவுட்டரை. சோப்புக்கட்டி அளவு. உள்ளே ஒரு சிம் கார்டு. செல்பேசிக்கு வரும் அதே இணையத்தை வாங்கிச் சுற்றியிருக்கிற ஃபோன்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும். மகள் வாங்கி அனுப்பியது. மகளுக்கு வேலை கடல் தாண்டிய ஊரில், பெரிய கட்டடங்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தில்.

அந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து திருப்பிவிடும் இயந்திரங்களோடு நோயாளிகள் அரை நாள் கட்டிப் போட்டாற்போல் கிடப்பார்கள். அங்கே இறங்கியதும் ஃபோன் செத்துவிடும். படிக்கட்டின் திருப்பத்தில், கூரையை ஒட்டி, கையகல ஜன்னல் ஒன்று உண்டு. சிக்னல் எட்டிப்பார்க்கும் ஒரே இடம் அது. சாதாரணப் பேச்சுக்கு டப்பாவைக் கைக்குட்டையில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் போதும். முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் போதாது. மூலையில் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

டப்பா சூடானால் பின்மூடியைக் கழற்றி, டீயை ஆற்றுவதுபோல் ஊதுவார். வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பார். "அழுக்குக் கண்ணாடி வழியா என்னத்த வரும்?" தூசி சிக்னலை மறிக்காது என்று மகளுக்குத் தெரியும். விடுப்பில் வந்த முதல் நாள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் துடைக்கும் மும்முரத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

வேறொன்றைச் சொல்லிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட சொன்னா கீழ ஒரு ஆன்டெனா மாட்டிடுவாங்கப்பா. நீங்க எதுக்கு நிக்கணும்?"

"சொல்லியாச்சு பாப்பா. பார்க்கலாம்னாங்க. பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க."

கீழே மாமியாருக்குத் துணையாக வரும் ஒரு பெண்மணி இவரைச் சீண்டாமல் படி ஏற மாட்டார். "என்ன பெரியவரே, நேத்து உங்க லிஃப்டு ரெண்டு தடவை அறுந்து விழுந்துச்சே?"

"சும்மா ஏறுறவங்கதான் முதல்ல குறை சொல்றது. என் மச்சினியும் இப்படித்தான்."

புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்: "உங்க வீட்டுல யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. இருந்தாங்க."

அதற்கு மேல் அவர்கள் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் இவர் சொல்வார். மகள் வந்த இந்தச் சில நாட்களில் எத்தனையோ பேரிடம் இவர் சொல்லக் கேட்டுவிட்டாள். சொல் மாறாது.

"அன்னிக்கு அவளுக்குக் காலையிலேர்ந்தே முகம் சரியில்ல. பொண்ணப் பாக்கணும்னா. வீட்டுல இருக்கிறதே ஒரு ஃபோன். அத அவ கையில குடுத்துட்டு, நான் டப்பாவோட இங்க வந்து நின்னேன். திரையில ஒண்ணுன்னு காட்டுச்சு. ஒரு ஆள் ஏறியிருக்குன்னு அர்த்தம். அம்மாவும் பொண்ணும் பேசட்டும்னு கையை அசைக்காம நின்னேன். ஒண்ணு அணையவே இல்லங்க. பேசிக்கிட்டே போயிட்டா. யாருக்குக் கிடைக்கும் அப்படி?"

அதனால்தான் மனைவி போன பிறகும் இங்கே வருகிறார். எல்லாருக்கும் அது கிடைக்கட்டும் என்று.

மகள் பார்த்தது வேறு. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் வெளிறி, வேர்த்தது. "அப்பா எங்கடி? அப்பாவக் கூப்பிடு" என்றாள். ஃபோன் சாய்ந்தது. கூரை தெரிந்தது. யாரோ அதை எடுத்துக் கட்டில் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்கள். அப்புறம் இருட்டு. காலடிச் சத்தம், இயந்திரத்தின் அலறல். "வீட்டுக்காரர் எங்க? வெளிய பாருங்க" என்று ஒரு நர்ஸின் குரல். "படிக்கட்டுல இருக்காரு, படிக்கட்டுல!" என்று மகள் கத்தியது மெத்தைக்குள் போய்விட்டது. அப்போது அவரை அங்கே யாருக்கும் தெரியாது. லிஃப்டில் ஏறிப்போய் வாசலில் தேடினார்கள், டீக்கடையில் தேடினார்கள். அவர் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார்.

திரையில் தெரியும் எண்ணுக்கு அர்த்தம், இத்தனை ஃபோன்கள் டப்பாவோடு ஒட்டியிருக்கின்றன என்பது மட்டுமே. யார் பேசினாலும், பேசாவிட்டாலும், ஃபோன் கவிழ்ந்து கிடந்தாலும் ஒன்று ஒன்றுதான். மகளுக்குத் தொழிலே அது. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. இதைச் சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்?

நேற்று கூட்டம் குறைவு. ஒரு பஸ் டிரைவர், தாயை அழைத்துவந்திருந்தவர், தயங்கித் தயங்கி மேலே வந்தார். "பெரியவரே, அம்மாவுக்கு என் தம்பி முகத்தப் பாக்கணுமாம். கிடைக்குமா?"

இவர் உடனே நிமிர்ந்துகொண்டார். "கிடைக்காம? எல்லாரும் கொஞ்ச நேரம் இறங்குங்கப்பா! ஃபோன்ல வைஃபைய அணைச்சிருங்க!" என்று கீழே கத்தினார். தன் ஃபோனையும் அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். எண் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றில் நின்றது. கை மூலைக்குப் போனது.

மகள் ஒரு படி கீழே உட்கார்ந்திருந்தாள். டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கேட்டார்: "ஏன் பாப்பா, அன்னிக்கு அவ்வளவு நேரம் ரெண்டு பேரும் என்ன பேசினீங்க? நீ சொல்லவே இல்லையே."

"உங்களப் பத்தித்தான்ப்பா."

"திட்டினாளா?"

"இல்ல. தேடினாங்க."

"எங்க போயிடப் போறேன், இங்கதானே நிக்கிறேன்" என்று சிரித்தார். கை அசையாமல் சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் படியேறி வந்தார். கையில் ஃபோன், இன்னொரு கையில் காகிதக் குவளையில் டீ. "இந்தாங்க, குடிங்க. ரொம்ப நன்றி பெரியவரே. தெளிவா இருந்துச்சு."

"இருப்பா, அம்மா இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க."

"இல்லையே. பேசி முடிச்சு எப்பவோ ஆச்சே. அம்மா தூங்குறாங்க. ஃபோன அவங்க பக்கத்துல வெச்சிட்டு, லிஃப்டுல போய் டீயே வாங்கிட்டு வந்துட்டேன்."

இவர் திரையைப் பார்த்தார். ஒன்று. டிரைவரின் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார். அது பூட்டிக் கிடந்தது. மறுபடி திரையைப் பார்த்தார்.

"பேச்சு முடிஞ்சா இது அணையாதா பாப்பா?"

மகள் எழுந்து நின்றாள். அவளிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. டப்பா பழசாகிவிட்டது, காட்டுவதில் கோளாறு என்று சொல்லிவிடலாம். அப்பாவின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. லிஃப்ட் எங்கே நின்றிருக்கிறது என்று கயிற்றைத் தொட்டுப் பார்த்தே சொல்கிற மனிதர்.

"அணையாதுப்பா. ஃபோன் பக்கத்துல இருந்தாலே காட்டும்."

"யாரும் பேசலைன்னாலும்?"

"பேசலைன்னாலும்."

அவர் தலையாட்டினார். கணக்குச் சரிதான் என்பதுபோல் இரண்டு தடவை ஆட்டினார். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி உதடு வரை வந்து திரும்பிப் போனதை மகள் பார்த்தாள். அம்மா தேடினாள் என்று அவளே முன்பு சொல்லியாகிவிட்டது.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. "கையை இறக்குங்க பெரியவரே. யாரும் பேசல. வலிக்கப்போகுது."

கை இறங்கவில்லை. அவர் கம்பியைப் பிடித்திருந்த இடது கையை எடுத்து, வலது முழங்கைக்குக் கீழே முட்டுக்கொடுத்தார்.