ரெட்ஸ்டோன் அட்டையில் என் மகள் ஒட்டிய தாள்

என் கையில் இருந்தது ஒன்றரை அடி பிவிசி குழாய். ராக்கெட்டுக்கு ஸ்டாண்ட் செய்ததில் மிஞ்சிய ஒல்லித் துண்டு. அதைக் கொண்டுதான் என் மகளை அடித்தேன். கை ஓங்கினேன், தவறிப் பட்டுவிட்டது என்றெல்லாம் இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல மாட்டேன். குறி பார்த்துத்தான் அடித்தேன், இரண்டு முறை.

ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு மறுநாள் ஸ்கூலில் ஹிஸ்டரி ஃபேர். இங்கே நம்மவர் வீடுகளில் ப்ராஜெக்ட் என்றால் அது அப்பாவுக்கு வரும் ஹோம்வொர்க் என்பது ஊரறிந்த சங்கதி. பிள்ளை தன் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும். தலைப்பையும் நானே தேர்ந்தெடுத்தேன்: ரெட்ஸ்டோன். முதல் அமெரிக்கரை விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போன ராக்கெட். ஹூஸ்டனுக்கு வருகிற விருந்தாளிகளையெல்லாம் நாசாவுக்கு அழைத்துப் போய்க் காட்டிக் காட்டி எனக்கு அது மனப்பாடம். ஆஃபீஸில் எண்ணெய்க் குழாய்களுக்கு டிசைன் போடுகிறவன் நான். மூன்று வார இறுதிகள் கராஜில் உட்கார்ந்து நாலு இஞ்ச் குழாயை அறுத்து, தேய்த்து, வெள்ளையும் கறுப்பும் ஸ்ப்ரே அடித்து, மார்பளவு உயரத்துக்கு ஒன்று செய்துவிட்டேன். மூன்று மடிப்பு அட்டையில் வாசகங்களையும் நானே டைப் அடித்து ஒட்டினேன். அத்தனை பெருமை எனக்கு!

சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால், அட்டையின் இடது பக்கத்தில் ராக்கெட் பிறந்த கதை என்று நான் எழுதியிருந்ததை மறைத்து இவள் வேறொரு தாளை ஒட்டியிருந்தாள். கையெழுத்தில் எழுதியது. பென்சில் படம் வேறு. ஒரு சுரங்கம், கூரையில் கிரேன், கிரேனிலிருந்து கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மனிதர்கள்.

ரெட்ஸ்டோனைச் செய்தவர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா கூட்டிவந்த ஜெர்மன் இஞ்சினியர்கள். அதற்கு முன் அவர்கள் செய்த ராக்கெட் லண்டனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் வீடுகள் மேல் விழுந்தது. அதை மலைக்கு அடியில் சுரங்கத்தில் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தவர்கள் நாஜி முகாம் கைதிகள். பட்டினி போட்டு, அடித்து வேலை வாங்கினார்கள். வேலையைக் கெடுத்தான் என்று சந்தேகம் வந்தவனைக் கிரேனில் தூக்கிலிட்டு, மற்றவர்களை அந்தக் கால்களுக்குக் கீழே நடக்க விட்டார்கள். ரெட்ஸ்டோனும் முதலில் அணுகுண்டு சுமக்கச் செய்ததுதான், மனிதன் அதன் தலையில் ஏறியது பிறகு. எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். எல்லாம் நிஜம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் விட்டிருந்தேன்.

"என்னடி இது?"

"ஹிஸ்டரி. யூ லெஃப்ட் இட் அவுட், அப்பா."

"ப்ரைஸ் வாங்கற ப்ராஜெக்ட்ல யாராவது பொணத்த ஒட்டுவாங்களா? கிழிடி அத."

"நோ. அந்த இஞ்சினியர்ஸ்கூட ஒண்ணுமே பாக்கலன்னு சொன்னாங்க. ஹவ் கேன் யூ நாட் சீ?"

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல். தாளை நான் பிய்த்தேன். பதிலுக்கு அவள் நான் ஒட்டியதையெல்லாம் சரசரவென்று பிய்த்துப் போட்டாள். நான் பிடுங்கப் போனபோது அவள் முழங்கை பட்டு ராக்கெட் சாய்ந்து டைல்ஸில் விழுந்தது. வாலில் ஒரு இறக்கை உடைந்தது. அவ்வளவுதான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர்க்காரன் நான். மேஜையோரம் கிடந்த மிச்சக் குழாய் கைக்கு வந்தது.

முதல் அடி தோளில். இரண்டாவதற்கு அவள் கையைக் குறுக்கே வைத்தாள். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அடுப்படியிலிருந்து ஓடிவந்து நடுவில் விழுந்த மனைவியைத் தள்ளினேன். அவள் தலை ஃப்ரிட்ஜில் மோதியது.

"கொன்னுடுங்க! ரெண்டு பேரையும் கொன்னுட்டு உங்க ராக்கெட்ட கட்டிக்கிட்டு அழுங்க!"

குழாயைக் கீழே போட்டேன். மகள் அழவில்லை. முன்கையில் கருநீலமாக ஒரு பட்டை எழும்பிக்கொண்டிருந்தது. விரல்களை மடக்கச் சொன்னேன், மடக்கினாள். எலும்பு முறியவில்லை.

ஐஸ் வைத்துக்கொண்டிருந்த மனைவிதான் முதலில் சொன்னாள். "நாளைக்கு ஸ்கூல்ல யாராவது பாத்தா? போலீஸ் வரும். புள்ளைய எடுத்துட்டுப் போயிடுவாங்க."

பிள்ளை போகும், வேலை போகும், கிரீன் கார்டு வரிசையில் நின்ற வருஷங்கள் போகும். அடித்ததற்கு வராத நடுக்கம் அப்போது வந்தது, தூ! விசா இன்டர்வியூவுக்கு முன்னால் கேள்வி பதிலை ஒத்திகை பார்க்கிற பழக்கம் எங்களுக்கெல்லாம் உண்டு. அதே மாதிரி மகளை எதிரே உட்காரவைத்து நானே டீச்சராக மாறிக் கேட்டேன். கைக்கு என்ன ஆச்சு? சைக்கிளிலிருந்து விழுந்தேன். எங்கே? வீட்டு வாசலில். மூன்று முறை சொல்ல வைத்தேன். இரண்டாம் முறை தயங்கினாள், அதட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூல் ஜிம்மில் வரிசையாக மேஜைகள். உடைந்த இறக்கையைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். அவள் முழுக்கைச் சட்டையில் நின்றாள். இடது பக்கத் தாளைத் திரும்ப எழுதி, திரும்ப வரைந்து ஒட்டியிருந்தாள். அதைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

ஜட்ஜாக வந்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரப் பெண்மணிகள். அவள் முதலில் நாலு இஞ்ச் கதையைச் சொன்னாள். ஒருமுறை ஆளில்லாமல் விட்டபோது ரெட்ஸ்டோன் நாலே இஞ்ச் எழும்பி, இஞ்சின் அணைந்து, மேடையிலேயே உட்கார்ந்துவிட்டது. உச்சியில் இருந்த சின்ன ராக்கெட் மட்டும் தனியாகப் பறந்தது. பாராசூட் வெளியே வந்து தொங்கியது. வயிறு நிறைய எரிபொருளோடு நிற்கிற அதன் கிட்டே போக யாருக்கும் தைரியமில்லை. துப்பாக்கியால் சுட்டு ஓட்டை போடலாமா என்றுகூட ஒருவர் கேட்டாராம். கடைசியில் பேட்டரி தீரும்வரை மறுநாளுக்குக் காத்திருந்தார்கள். பெண்மணிகள் சிரித்தார்கள். பிறகு சுரங்கத்துக்கு வந்தாள். கிரேனைக் காட்டக் கையைத் தூக்கினாள். சட்டைக் கை முழங்கைவரை நழுவியது.

ஒரு பெண்மணியின் சிரிப்பு நின்றது. குனிந்து மெதுவாக, "ஸ்வீட்டி, உன் கைக்கு என்ன ஆயிற்று?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் பத்தடி தள்ளி நின்றேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "சைக்கிளிலிருந்து விழுந்துட்டேன்," என்றாள். புல்லுக்கு அடிக்கும் ஸ்பிரிங்க்ளர் தண்ணீரில் வாசல் டிரைவ்வே வழுக்கியது, பந்தா காட்டிக்கொண்டு கையை விட்டு ஓட்டினேன், முட்டாள் நான் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். நான் சொல்லித் தராததையெல்லாம் அவளே சேர்த்தாள். அந்த அம்மாள் அவள் தோளில் தட்டினார், அடி வாங்கிய அதே தோளில். அவள் முகம் சுளிக்கவில்லை.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது அதுதான்.

இரண்டாம் பரிசு ரிப்பன் கொடுத்தார்கள். காரில் ஏறியதும் சொன்னேன். "சாரிடா கண்ணு. அப்பா பண்ணது தப்பு. அப்பாவ இன்னைக்குக் காப்பாத்திட்ட."

எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், எனக்கு ஒரு எழுத்தும் தப்பாகப் புரிந்துவிடக்கூடாது என்பதுபோலத் தமிழில் சொன்னாள்.

"உங்களுக்காகச் சொல்லல. உங்கள அரெஸ்ட் பண்ணி வேலை போச்சுன்னா அம்மாவும் இந்த நாட்ட விட்டுப் போகணும். அவங்க விசா உங்க விசாலதான் இருக்கு. நீங்க ஃபர்ஸ்ட் டைம் அம்மாவ அடிச்சீங்கல்ல, அன்னைக்கே செக் பண்ணிட்டேன்."

மனைவியை நான் முதல் முறை அடித்து நாலு வருஷம் இருக்கும். அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.