ஜெலு புர்சுக்கின் கம்பி

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் எழுந்துபோய் டி.வி. பாருங்கள். உங்களை நம்பவைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். கலாத்ஸ் நகரத்தில் வீடு வீடாகப் போய் நெட் கனெக்‌ஷன் சரிசெய்வது என் தொழில். "மாஸ்டர், கம்ப்யூட்டருக்குள்ள என்னமோ புகுந்திருக்கு" என்று முகம் வெளுத்து நிற்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. புகுந்திருப்பது பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பூனை. கம்பியைக் கடித்து வைத்திருக்கும். இல்லாவிட்டால் நாற்காலிக் கால் கம்பிமேல் ஏறி நிற்கும். ஜனங்களுக்குக் குனிந்து பார்க்கச் சோம்பல். பேயைக் கூப்பிடுவது அதைவிடச் சுலபம்.

டிசம்பர் மாதம். டான்யூப் ஆற்றிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. மாலை நாலரைக்கே கும்மிருட்டு. அன்றைய கடைசி வேலை, பழைய பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடி. கம்பெனி கொடுத்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ஜெலு புர்சுக், ஒரு போன் நம்பர், 'கனெக்‌ஷன் விட்டு விட்டுப் போகிறது'.

கதவைத் திறந்தது ஒரு பெண்மணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. பெயர் லுக்ரேசியா புர்சுக்.

"ஆறு மணிக்குள்ள சரியாயிடுமா மாஸ்டர்?"

"ஏன், ஆறு மணிக்கு உலகம் அழியுதா?"

"எனக்கு அழியுது" என்றாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வாஷிங் மெஷினில் காலுறை மாட்டிக்கொண்டது என்று போன் போடும் ஜெர்மன்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. கம்பி இணைப்புதான் வேண்டும், வைஃபை கூடாது என்பது அந்த நிறுவனத்தின் கட்டளை. இரண்டு வாரமாகப் பொழுது சாயும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்துபோகிறது. இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. இன்று ஆறிலிருந்து ஏழு வரை மேலதிகாரி லைனிலேயே இருந்து கேட்பான். நடுவில் ஒருமுறை அறுந்தாலும் வேலை போச்சு. அந்த வயதில் இந்த ஊரில் வேறு வேலையா? தெருப் பெருக்கவே சிபாரிசு கேட்கிறார்கள்.

மேஜைக்கு அடியில் புகுந்தேன். கம்பி மாட்டும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

எங்கள் நாட்டில் எந்த ரிப்பேர்க்காரனும் வேலையைத் தொடங்குமுன் ஒரு மந்திரம் சொல்வான். குழாய்க்காரன், டைல்ஸ்காரன், கரண்ட்காரன் எல்லோருக்கும் அதே மந்திரம்தான். முன்னால் வேலை செய்தவனைத் திட்டாமல் எங்களுக்குக் கை ஓடாது. நானும் சொன்னேன்.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"இந்த பிளாக் முழுக்க நெட் இழுத்தவர்தான்."

"முழுக்கவா? விளங்கும்! குரங்கு கையில பூமாலை கிடைச்ச கதை. கம்பியை இப்படியா மடிப்பான்? மாட்டுக்குக் கயிறு கட்டப் போகவேண்டியவன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் கவலைப்படவில்லை. திட்டுவது என் தொழிலில் பாதி.

விளக்கு அணைந்தது.

முனையை வெட்டிவிட்டுப் புதிய பிளக் போட்டேன். எரிந்தது. "பார்த்தீங்களா? அந்த அரைவேக்காடு செஞ்சதை..." என்று வாயெடுத்தேன். அணைந்தது. சுவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வேறு கம்பி போட்டேன். எரிந்தது. ஒரு வசவு விட்டேன். அணைந்தது. நெட் கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த கார்டைத் தூங்கவைக்கும் வசதியை நிறுத்தினேன். வேகத்தைக் குறைத்து வைத்தேன். நான் பேசாமல் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது.

"அவரைச் சும்மா விடுங்களேன் மாஸ்டர்" என்றாள்.

"அவனுக்குக் காதா கேட்கப்போகுது?"

அவள் அலமாரியைத் திறந்தாள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு சின்ன கிளாஸில் பிளம் சாராயம் ஊற்றினாள். எனக்குத் தருமுன் ஒரு சொட்டைத் தரையில் சிந்தினாள், போய்ச் சேர்ந்தவர்களுக்காக. நல்ல சாராயத்தை இப்படி வீணடிக்கிற ஜனங்களை என்னவென்று சொல்வது?

டெஸ்டரை எடுத்தேன். அது இரண்டு துண்டு. ஒன்றைக் கம்பியின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் மாட்டினால்தான் உள்ளே ஓடும் நரம்புகளுக்கான விளக்குகள் வரிசையாக எரியும். முதல் துண்டைச் சுவரில் மாட்டினேன். இனி மேலே போய் இரண்டாவதை மாட்டவேண்டும்.

ஒன்று... இரண்டு... மூன்று... ஆறு. நெட் ஓடுகிற நாலு நரம்பும்.

விளக்குகள் எரிந்தன.

இரண்டாவது துண்டு என் கோட்டுப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆமாம், இருந்தது.

மலிவான சீனச் சாமான், பேட்டரி உளறுகிறது என்று முடிவுகட்டினேன். ஆனாலும் பையில் இருந்ததை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

"கோளாறு மேலதான்" என்றேன். "நீங்க போய் உங்க ஜெர்மன்காரங்களைப் பாருங்க. நான் பார்த்துக்கிறேன்."

லிஃப்ட் ஒன்பதாவது மாடியோடு நின்றுவிடும். அதற்குமேல் படி ஏறவேண்டும். உச்சியில் இருப்பது துணி உலர்த்தும் மாடி. பல்பு இல்லை. டார்ச்சை அடித்தேன். யாரோ மறந்துவிட்டுப்போன படுக்கை விரிப்பு ஒன்று பனியில் விறைத்துப் பலகைபோலத் தொங்கியது. மூலையில், எல்லா வீட்டுக்கும் கம்பி கிளம்புகிற நெட் பெட்டி.

அவளுடைய கம்பியைக் கண்டுபிடித்தேன். பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் ஓர் ஒட்டு. வெறும் டேப் சுற்றிய ஒட்டு. பிரித்தேன். உள்ளே பச்சை ஜோடியில் ஒரு நரம்பு பாதி அறுந்து தொட்டும் தொடாமலும் இருந்தது. பொழுது சாய்ந்து குளிர் ஏறினால் செம்பு சுருங்கும், தொடர்பு விடும். அவ்வளவுதான் விஷயம். பேயாவது பிசாசாவது!

மணி ஆறாக நாலு நிமிடம். சரசரவென்று நரம்புகளை மாற்றவேண்டும். கீழே விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவளோ ஹெட்போனோடு உட்கார்ந்துவிட்டிருப்பாள். வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும் என்று சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லு."

ஆண் குரல். கரகரப்பான குரல்.

"ஜெலு புர்சுக்கா?"

"ஆமா."

புருஷன் போலிருக்கிறது. உள்ளறையில் படுத்திருந்திருப்பான். பெண்டாட்டி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள், இவன் எழுந்துகூட வரவில்லை. நல்ல குடும்பம்!

"சார், நான் மேல இருக்கேன். கம்ப்யூட்டர்ல பச்சை லைட் எரியுதா பாருங்க."

"எரியல. எப்படி எரியும்? நீ இன்னும் ஒண்ணும் செய்யலியே."

எனக்கு முகம் சுட்டது.

"இங்க ஒருத்தன் டேப்பைச் சுத்திக் கெடுத்து வெச்சிருக்கான்..."

"அது உங்க கம்பெனிக்காரன் சுத்தினது. பெட்டி மாத்த வந்தப்ப வெட்டிட்டான். கீழ என்னமா திட்டினே! இப்ப சொல்லு. இது என் கையா?"

ஓஹோ. கம்பி இழுத்தவன் இவன்தானா? அடுத்த அறையில் இருந்து அத்தனையும் கேட்டிருக்கிறான். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"பச்சை ஜோடியை விட்டுடு" என்றான். "பிரவுன் ஜோடி சும்மாதான் கிடக்கு. அதைப் போடு."

அதைத்தான் செய்ய இருந்தேன். அவன் சொல்லிச் செய்வதுதான் கசந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கத்தியை எடுத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். போனில் அவன் குரல் மட்டும்தான் கேட்டது. அந்த வீட்டுச் சத்தம் எதுவும் இல்லை. அவள் ஜெர்மனில் பேசுவது கேட்கவேண்டும். தெருவில் டிராம் போவது கேட்கவேண்டும்.

ஒன்றுமே இல்லை.

"அது இல்ல" என்றது குரல்.

"எது?"

"இடது கையில பிடிச்சிருக்கியே. அது நீலம்."

கையைப் பார்த்தேன்.

நீலம்தான்.

மூன்றாவது மாடியில் இருக்கிறவனுக்கு என் இடது கை எப்படித் தெரியும்?

"சார்... நீங்க எங்க இருக்கீங்க?"

 மூச்சுச் சத்தம் மட்டும். கம்பியின் மறுபாதி, கீழே போகிற பாதி, தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அது மெல்ல... மெல்ல... நிமிர்ந்தது. வேலை செய்கிறவனுக்கு வசதியாக ஓர் ஆள் பிடித்துக்கொடுப்பானே, அந்த மாதிரி.

நான் பிடிக்கவில்லை.

தலையைத் திருப்பப் போனேன்.

"திரும்பாதே. வேலையைப் பாரு. அவளுக்கு நேரம் ஆகுது."

 பிரவுனைச் சீவினேன். முறுக்கினேன்.

"இறுக்கு."

இறுக்கினேன்.

"கழுதை. இன்னும் இறுக்கு."

இறுக்கினேன். டேப் சுற்றினேன்.

"எரியுது" என்றான்.

அந்த நிமிடம் என் காலில் ஏதோ இடறியது. டார்ச்சைத் தாழ்த்தினேன். தரையில் என் போன் கிடந்தது. எப்போது தோளிலிருந்து விழுந்ததோ, தெரியாது. திரை தூசியில் குப்புறக் கவிழ்ந்திருந்தது.

குரல் இன்னும் என் காதில்தான் இருந்தது.

"ஏழு வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இங்கயே நில்லு."

நின்றேன்.

ஓடியிருக்கலாம் என்பீர்கள். வந்து பாருங்கள் நீங்கள். உங்கள் வீரத்தை அங்கே காட்டுங்கள்.

கம்பி விறைப்பாகவே இருந்தது. விரிப்பு அசையவில்லை. ஒரே ஒரு தடவை காற்று வேகமாக அடித்தது. பெட்டி ஆடியது. கம்பி ஆடவில்லை.

எனக்கு முன்னால் வேலை செய்த எவனையும் நான் பாராட்டியதே கிடையாது. அன்றைக்கு வாய் தானாக முணுமுணுத்தது.

"நல்ல வேலை மாஸ்டர்... நல்ல வேலை..."

பக்கத்தில் யாரோ 'ஹும்' என்றார்கள். அவ்வளவு இளக்காரமாக என்னை யாரும் பார்த்ததில்லை, பேசியதில்லை.

தூரத்துத் தேவாலயத்தில் மணி அடித்தது. ஏழு.

கம்பி தொய்ந்தது.

போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. லுக்ரேசியாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஒரு தடவைகூட அறுந்துபோகல மாஸ்டர்! வேலை தப்பிச்சுது! மேலதிகாரி நன்றிகூடச் சொன்னான்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

என் மூச்சு இன்னும் அடங்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு மேஜை. சமையலறையில் யாரும் இல்லை. உள்ளறை என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது; மேஜைக்கு அடியிலேயே கிடந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"உங்க வீட்டுக்காரர் எங்க? அவர்தானே போன்ல சொல்லிக்கொடுத்தார்."

சிரிப்பு நின்றது.

"எந்தப் போன்? ஷிஃப்டுல போன் ஆன்ல இருக்கக்கூடாது. என் போன் அஞ்சு மணியிலேருந்து டிராயருக்குள்ள ஆஃப்ல கிடக்கு."

சீட்டை நீட்டினேன். நம்பரைப் பார்த்தாள். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது ஜெலு நம்பர். கனெக்‌ஷனைப் பேர் மாத்தவே இல்ல நான்."

எங்கள் ஊரில் யார்தான் மாற்றுகிறார்கள்? பாதி ஊருக்குக் கரண்டும் காஸும் செத்தவர்கள் பெயரில்தான் வருகிறது. அது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

"நாலு வருஷம் ஆச்சு மாஸ்டர், அவர் போய். நெஞ்சு வலி. அந்தப் போனை அவர் சட்டைப் பையில நான்தான் வெச்சேன், சவப்பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி. அது இல்லாம அவர் எங்கயும் போகமாட்டார்."

 கையிலிருந்த போனை அவளே வாங்கிப் பார்த்தாள். அந்த நம்பர் இருந்தது. பேசிய நேரமும் இருந்தது. மறுபடி அந்த நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்ற பெண் குரல் எனக்கே கேட்டது. அந்தக் குரல் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"உங்களுக்கு... நேரம் ஆகுதுன்னார்."

"வேற?"

"வேற இல்ல. என்னைக் கழுதைன்னார்."

"அப்ப அவரேதான்." கண்ணைத் துடைத்தாள். குரலில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. "நாலு வருஷமா தினம் ராத்திரி இந்த நம்பருக்கு அடிக்கிறேன். ஒரு தடவை எடுத்ததில்ல. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். நான் கூப்பிட்டா எடுக்கமாட்டார். எவனாவது கம்பி அறுந்துபோச்சுன்னு கூப்பிட்டா, முதல் மணியிலேயே எடுத்துடுவார்."