ஒன்பதாவது தீச்சட்டி

என் அத்தான் சாமித்துரைக்கு விளாத்திகுளம் பக்கம் நாலு ஏக்கர் கரிசல். மிளகாயும் கம்பும் போடுவார். பத்து வருஷத்துக்கு முன்னால் இடுப்பு வலி என்று மதுரைக்குக் கூட்டிப்போனேன். புராஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். வெட்டி எடுக்க முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் தினசரி மாத்திரையுமாக அடக்கி வைக்கலாம் என்றார்கள். ஊரில் எல்லாரும் இரண்டு வருஷம் என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டார்கள். நானும்தான்.

அவரோ இன்னும் டிவிஎஸ் வண்டியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். பாரம் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறினால்தானே. ஊசியால் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். வெறும் சர்க்கரை மாத்திரை தின்கிற நான்தான் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறேன். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு முந்தின வாரம் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். நம்பர் ஏறினால் நோய் முழித்துக்கொண்டது என்று அர்த்தம். என் அக்கா வள்ளிமயில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவாள்.

நோய் தெரிந்த அடுத்த பங்குனியில் அத்தான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தார். பிழைத்துக் கிடந்தார். மறு வருஷமும் எடுத்தார். அப்புறம் நிறுத்துகிற தைரியம் யாருக்கும் வரவில்லை. கோவிலில் பங்குனிப் பொங்கலுக்கு எட்டு நாள் முன்னால், சட்டி எடுப்பவர்களுக்குக் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் பொங்கல் முடிகிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது, நடுவில் அவிழ்க்கவும் கூடாது.

போன வருஷம் ஒன்பதாவது சட்டி. காப்புக் கட்டின மறுநாள் ஊசிக்குத் தேதி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று மூன்று பேரும் பஸ் ஏறினோம். மதுரையில் இறங்கும்போது அத்தானுக்கு வலது கால் சரியாக ஊன்றவில்லை. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு, அத்தான்?"

"நாலு நாளாச்சு மாப்ளே. சொன்னா உங்கக்கா சட்டி எடுக்க விடமாட்டா."

பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அவரை ஏசிவிட்டேன். அக்கா குனிந்து அந்தச் செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டாள்.

டாக்டரம்மா காலைத் தட்டிப் பார்த்தார். முதுகெலும்பில் நோய் நரம்பை அழுத்துகிறது போலிருக்கிறது, இன்றைக்கே ஸ்கேன் எடுத்து ரேடியேஷன் ஆரம்பிக்க வேண்டும், இங்கேயே தங்குங்கள் என்றார்.

"ஒரு வாரம் பொறுத்துக்கிடுங்கம்மா. பொங்கல் முடிஞ்சதும் வந்து படுத்துக்கிடுதேன்."

"ஒரு வாரம் போனா நடை திரும்ப வராதுங்க ஐயா."

"அதெல்லாம் ஆத்தா பாத்துக்கிடுவா" என்றார் அத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காப்பு முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றார் அத்தான்.

"ஆத்தா கேக்கதை என்கிட்ட கேட்டுக்கிடட்டும். நீங்க போய்ப் படுங்க."

டாக்டரம்மா சொன்னபடியேதான் ஸ்கேனில் இருந்தது. பத்து நாள் ரேடியேஷன் கொடுத்தார்கள். மாத்திரையை மாற்றினார்கள். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. புரட்டாசியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு விதைப்புக்குப் போனார். ஐப்பசியில் தடியை வீட்டில் வைத்துவிட்டார். நம்பரும் இறங்கியது.

எனக்கு நிம்மதி. அக்காவுக்கு இல்லை. கார்த்திகையில் அவள் மகள் பொன்மணிக்குக் கரு கலைந்தது. அதற்கு மூன்று டாக்டர்கள் மூன்று காரணம் சொன்னார்கள். அக்காவுக்கு ஒரே காரணம்தான். அன்றிலிருந்து கோவில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறாள், உள்ளே போவதில்லை.

போன மாதம் மிளகாய்க் காட்டில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அத்தான் தூரத்தில் வரப்பு மேல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அவுத்திருக்க வேண்டாம்னு தோணுதாக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயந்துதாம்ல கெடக்கேன். ராத்திரி ஒறக்கம் கெடையாது" என்றாள். அத்தான் வாய்க்காலைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆனா நாளைக்கே மறுபடி அப்படி வந்தாலும் அவுக்கத்தான் செய்வேன்."