பள்ளத்தைக் கண்டால் இறங்கச் சொன்னவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் அப்போது பம்பாயில், செம்பூரில் குடியிருந்தோம். மாட்டுங்காவுக்குப் போகும் சாலையை மிலிட்டரி லாரிகள் அரைத்துத் தள்ளியிருந்தன. மழைக்காலத்தில் அது சாலையா குளமா என்றே சந்தேகம் வரும்.

எங்கள் கட்டடத்தில் கார் வைத்திருந்தவர் மாடி வீட்டு மாமா ஒருவர்தான். டானிக் கம்பெனி ஏஜெண்ட். அந்தப் பழைய காரில்தான் ஊரெல்லாம் சுற்றி ஆர்டர் பிடிப்பார்; அது நின்றால் அவர் பிழைப்பும் பாதி நின்றுவிடும். புது டயர் அந்த நாளில் பெர்மிட் இல்லாமல் கிடைக்காது. பெர்மிட்டோ பெரிய மனிதர்களுக்கே கிடைக்காது. அதனால் இருந்த டயர்களை மனிதர் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். காலையில் காபி குடிக்கும் முன்பே கீழே இறங்கி வந்து காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார். தாராள மனசுதான், ஆனால் ஒரு நிபந்தனை. பெரிய பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்.

"கட்டா வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்கோ!"

அந்த ஊரில் பள்ளத்துக்குக் கட்டா என்று பெயர். நாங்கள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்போம். அவர் குடையைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்து, வெறும் வண்டியை ஆமை மாதிரி இறக்கி ஏற்றுவார். மாமா காரில் போனால் பாதி வழி நடைதான் என்று நாங்கள் பண்ணாத கேலி இல்லை. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஓர் ஆடி மாதம், என் கணவர் ஆபீஸ் வேலையாகப் புனா போயிருந்தார். இரண்டு வயசுப் பையனுக்கு ஜுரம். காலையில் பார்த்தால் மூச்சு இழுக்கிறது, அழுதால் சத்தமே வரவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் தொண்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தொண்டை அடைப்பான். உடனே ஊசி போட வேண்டும், அந்த மருந்து மாட்டுங்காவில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்றார். வெளியே கொட்டுகிற மழை. ரயிலும் நின்றுவிட்டது.

நான் போய்க் கேட்கக்கூட இல்லை. விஷயம் காதில் விழுந்ததுமே மாமா சட்டையை மாட்டிக்கொண்டே படி இறங்கி வந்தார். "குழந்தையைத் தூக்கிண்டு ஏறும்மா" என்றார்.

முதல் பெரிய பள்ளம் வந்தது. வண்டியின் வேகம் லேசாகக் குறைந்தது. பழக்க தோஷம், நான் குழந்தையை அணைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன்.

"உட்காரும்மா! இன்னிக்கு யாரும் இறங்க வேண்டாம்" என்று கத்தினார்.

வண்டி தொபுக்கென்று விழுந்து எழுந்தது. அப்புறம் எந்தப் பள்ளத்துக்கும் அவர் தயங்கவில்லை. நடுவழியில் சயான் வருவதற்குள் ஒரு டயர் வெடித்தது. நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் சாலையைவிட்டு அகலவில்லை. மாட்டுங்கா வரைக்கும் ரிம்மிலேயே கடகடவென்று ஓட்டிக்கொண்டு போனார்.

ஊசி போட்டார்கள். சாயங்காலம் குழந்தை கம்மிய குரலில் "அம்மா" என்றான். நான் வராந்தாவுக்கு ஓடிவந்து சொன்னேன். மாமா இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

டயர் கந்தலாகிவிட்டது. ரிம்மும் வளைந்துவிட்டது. யுத்தம் முடிகிறவரை அந்தக் கார் எங்கள் வாசலில் செங்கல் மேல் நின்றது. மாமா கனத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலிலும் டிராமிலும் அலைந்தார். என் கணவர் டயர் தேடி, பழைய சாமான் விற்கும் சோர் பஜார் வரை போய் வெறுங்கையோடு திரும்பி, அவரிடம் தயங்கித் தயங்கி வருத்தம் சொன்னார்.

"அது கிடக்கட்டும் ஓய். குழந்தை இன்னிக்கு சாதம் சாப்பிட்டானோ?" என்று பேச்சை மாற்றிவிட்டார் மாமா.

மிஞ்சியதை எடுத்துக் கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பொத்திப் பொத்திக் காத்ததை யாரும் கேட்காமலே கொடுத்துவிட்டு, கொடுத்ததாகவே காட்டிக்கொள்ளாத மனிதர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். இன்று தலை நரைத்த என் மகன் வாய் ஓயாமல் பேசுகிறபோதெல்லாம் மனசுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.