டேப்லெட்டில் வந்த பிட்

கோவில்பட்டிப் பக்கம் ஏழாம் வகுப்பு டீச்சர் நான். பிட் அடித்தார்கள் என்று போன பரீட்சையில் வகுப்பையே முட்டி போட வைத்தேன்.

மறுவாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பிள்ளைகளின் டேப்லெட்டுகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒருவர் எழுதினால் எல்லோர் டேப்லெட்டிலும் தெரியும் பாடப்பக்கம் திறந்திருந்தது.

"கரிசல் மண்ணு ஏன் வெடிக்குது டீச்சர்?" என்று என்னையே கேட்டார். கரிசலில் பிறந்தவள், பயத்தில் எல்லாம் மறந்து டேப்லெட்டைக் குனிந்து பார்த்தேன்.

அதில் யாரோ ஒரு பிள்ளையின் எழுத்து ஓடியது: "ஈரம் காஞ்சா சுருங்கும் டீச்சர். பயப்படாம சொல்லுங்க."

அப்படியே ஒப்பித்தேன். உடனே அடுத்த வரி வந்தது: "பதில் சரி. ஆனா பாத்துச் சொல்லக் கூடாது டீச்சர். இப்படிக்கு, கடைசி பெஞ்சு." நிமிர்ந்தால், அதிகாரி டேப்லெட்டுக்கு மேலாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் பிட்டைப் பிடுங்குகிறேன். முட்டி போடச் சொல்லத்தான் வாய் வரவில்லை.