மேனேஜருடைய மழையும் புயலும்

அந்தத் தையல் ஆலையில் அவளுக்குப் பெயர் வானிலை. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. வேலை என்னவோ தைத்து வந்த சட்டைகளில் பிசிறும் கோணலும் பார்க்கும் செக்கர் வேலை. பட்டம் கிடைத்தது மேனேஜரால்.

மேனேஜர் எங்கோ குளிர் தேசத்துக்காரர். மரியாதையான மனிதர், ஆனால் எதையும் நேராகச் சொல்லிவிட்டால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைப்பவர். காய்ச்சல் என்றால் 'அண்டர் த வெதர்'. வேலை தலைக்கு மேல் கிடந்தால் 'ஸ்னோட் அண்டர்', பனி மூடிவிட்டதாம். பனியைப் படத்தில் மட்டும் பார்த்த முந்நூற்று இருபது பேரிடம் இதைச் சொல்லுவார். ஒவ்வொரு திங்களும் முற்றத்தில் மரப்பெட்டி மேல் ஏறி அவர் பேச, பக்கத்தில் மைக் பிடித்து அவள் தமிழில் சொல்ல வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன்பு, பழைய மொழிபெயர்ப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன அன்று, "யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?" என்று கேட்டார்கள். இஸ்திரிப் பகுதியில் வேலை பார்க்கும் தங்கச்சி அவள் முதுகில் கைவைத்து முன்னே தள்ளிவிட்டாள்.

முதல் வாரமே சந்தி சிரித்தது. சம்பள உயர்வு கேட்டதற்கு மேனேஜர் 'ரெயின் செக்' என்றார். "சார் முதல்ல மழையைப் பாக்கணுமாம்" என்று இவள் சொல்லிவைத்தாள். இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம் என்பதற்கு அப்படி ஒரு வார்த்தை என்று அகராதி வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்போது பிடித்த வைராக்கியம்தான். மழை, புயல், மேகம், காற்று என்று அவர் வாயிலிருந்து விழுந்த அத்தனையும் ஒரு நோட்டில் ஏறியது. 'ப்ளோ ஓவர்' என்றால் காற்றடித்து ஓய்வதுபோல் தொல்லை தானாக அடங்கிவிடும். 'வெதர் த ஸ்டார்ம்' என்றால் கஷ்டத்தைத் தாக்குப்பிடிப்பது. அவர் வாயைத் திறக்கும் முன்னே என்ன வானிலை என்று சொல்லிவிடுவாள்.

தெரிந்ததால் வந்த வினையும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திங்கள் அவர் 'வெதர் த ஸ்டார்ம்' என்று நான்கு தடவை சொன்னார். ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் மைக்கில், "புயலே வந்தாலும் ஒண்ணா நின்னு சமாளிப்போம்னு சார் சொல்றாரு" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை வாயிற்கதவில் நாற்பது பெயர் ஒட்டியிருந்தது. அதில் ஒருத்தியான பட்டன் தைக்கும் அக்கா இன்றுவரை இவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

இந்த வியாழக்கிழமை காலையில், மூன்றாம் மாடியில் இஸ்திரி மேசைகளுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் அவள் விரிசலைப் பார்த்தாள். நேற்று தலைமுடி அளவுக்கு இருந்தது. இன்று கையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலைச் செருகினால் நான்கு அங்குலம் உள்ளே போயிற்று. மாடிக் கதவு சட்டத்தில் சிக்கிக்கொண்டு மூட மறுத்தது. தகவல் போய் எட்டு மணிக்கு வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்தார், முகம் வெளுத்து, எல்லோரையும் முற்றத்துக்கு இறக்கிவிட்டு மேனேஜர் அறைக்குள் போனார். கால்மணி நேரத்தில் தனியாக வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு மேனேஜர் பெட்டி மேல் ஏறினார். நாளைக்குக் கப்பல் ஏற வேண்டிய சரக்கு பாக்கி இருந்தது.

இது 'ஸ்டார்ம் இன் எ டீகப்' என்றார். ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுகிறோமாம். கட்டடம் 'ரைட் அஸ் ரெயின்' என்றார். ஒரு குறையும் இல்லாமல் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறதாம். 'கம் ரெயின் ஆர் ஷைன்', மழையோ வெயிலோ, நாளைக்குச் சரக்கு போயே ஆக வேண்டும். சொல்லும்போது அவர் ஒரு தடவைகூடக் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் அவரிடம் கேள்வி கேட்டாள். "சார், இன்ஜினியர் என்ன சொன்னார்?"

இன்ஜினியருக்கு எப்போதும் தலை மேகத்தில் என்றார் மேனேஜர். நடப்பு தெரியாமல் கற்பனையில் மிதப்பவராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ முதலில் உள்ளே போ, உன் பின்னால் எல்லோரும் வருவார்கள்" என்றார். அதில் மட்டும் மழையும் இல்லை, புயலும் இல்லை.

மைக் கைக்கு வந்தது. மூன்றாவது வரிசையில் தங்கச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னக்கா, போலாமா? நீ சொன்னா போறோம்" என்றாள் சர்வசாதாரணமாக. மற்ற முகங்களும் அதையேதான் கேட்டன. வேலை போனால் வீட்டு வாடகை, மாமியாரின் மருந்து, எல்லாம் நடுத்தெருவுக்கு வரும். பழக்கதோஷத்தில் வாய் தானாக ஆரம்பித்தது.

"சார் என்ன சொல்றாருன்னா..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். மைக்கைக் கிட்டே இழுத்து மறுபடி ஆரம்பித்தாள்.

"சார் நிறைய சொன்னாரு. சுவரைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான் காலைல ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், நாலு இஞ்ச் உள்ள போச்சு. எனக்குப் பயமா இருக்கு. நான் உள்ள போகமாட்டேன். நீங்களும் போகாதீங்க."

ஒருவரும் அசையவில்லை. என்ன சொன்னாய் என்று மேனேஜர் கேட்டார். பயமாக இருக்கிறது என்று சொன்னேன் என்றாள், நேரான இங்கிலீஷில். அவர் மைக்கை வாங்கிக்கொண்டு, அவள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதை மொழிபெயர்க்க ஆளில்லை.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. உள்ளே போகிறவர்களுக்கு மட்டும் இன்றைய சம்பளம் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னதும், மதில் ஓரம் முணுமுணுப்பு கிளம்பியது. "இவ பேச்சைக் கேட்டு ஒரு நாள் போச்சு" என்று யாரோ அவள் காதுபடவே சொன்னார்கள். ஆனாலும் அவள் பார்த்தவரை யாரும் உள்ளே போகவில்லை. கட்டடம் வெயிலில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறொரு பயம் பிடித்தது. விழாமலே போய்விட்டால்? நாளைக்கும் நின்றால்? முந்நூற்று இருபது பேர் வயிற்றில் அடித்தவள் என்றல்லவா பெயராகும்? விழுந்து தொலையேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினோம் என்று உறைத்ததும் கட்டடத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மின்சாரம் போனது. மொட்டைமாடி ஜெனரேட்டர் வழக்கம்போலத் தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மூன்றாம் மாடிப் பின்சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, அதன் பின்னாலேயே தளமும் மாடிப்படியும் இறங்கின. புழுதி முற்றம் முழுக்க வந்து மூடியது.

அவளிடமிருந்து முதலில் வந்தது ஒரு பெருமூச்சு, அப்பாடா என்று. அடுத்த நொடி பக்கத்தில் பார்த்தாள். தங்கச்சி இல்லை.

ஒரு நாள் சம்பளம். தங்கச்சி மகனுக்கு இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் அவள் மேனேஜரை இடித்துத் தள்ளிக்கொண்டு இடிபாட்டை நோக்கி ஓடினாள். தங்கச்சி பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் திமிறினாள். இஸ்திரி மேசைகள் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

"அக்கா!"

வாயிற்கதவுப் பக்கமிருந்து தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். கையில் இரண்டு டீ, பாதி கொட்டிப்போய். எதிர்க் கடைக்குப் போயிருந்தாளாம். இவள் போய் ஓங்கி ஒரு அறை விட்டாள். மிச்ச டீயும் தரையில் கொட்டியது.

"உள்ள போயிட்டேன்னு நெனச்சேன்டி."

தங்கச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"நீதான் போகாதன்னு சொன்னியே. அப்புறம் நான் எதுக்கு உள்ள போறேன்?"