மாப்பிள்ளை இல்லாத சீர்வரிசை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்குப் படைக்க வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். "எனக்கு எதுக்குடா புஸ்தகமெல்லாம்?" என்றுதான் அக்கா கேட்டிருப்பார். உயிரோடு இருந்தபோதே நாங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதில்லை. இப்போது மட்டும் கேட்கவா போகிறேன்?

அக்கா பிறந்தது கரிக்கலாம்பாக்கத்தில். நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தின் மூத்த பெண். பாகூரில் வாழ்க்கைப்பட்டார். சில ஆண்டுகளிலேயே மாமா காலமாகிவிட, குழந்தையும் இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பினார். மூலையில் உட்கார்ந்து அழுவார் என்று எதிர்பார்த்த ஊர் ஏமாந்துபோனது. வில்லியனூர் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் காப்பாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். அந்த வகையில் நான் ஊர்ப்பட்ட பெண்களுக்கு மாமா ஆனேன்.

அப்பா அம்மா இல்லாத, இருந்தும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். பதினெட்டு வயது நிறைந்தால் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அங்கே விதி. வேலை எப்படியோ கிடைத்துவிடும், வீடுதான் கிடைக்காது. தனிப்பெண், கேட்க ஆளில்லை என்று தெரிந்தால் போதும், நேற்றுவரை காலியாகக் கிடந்த வீட்டுக்கு இன்று சொந்தக்காரர் மகனே குடிவரப் போவதாகச் சொல்லிவிடுவார்கள். அக்கா செருப்புத் தேய அலைந்து வீடு பிடிப்பார். பிடித்த பிறகு அவர் செய்ததுதான் எங்கள் சொந்தமெல்லாம் சிரித்த காரியம். குடிபோகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சீர்வரிசை வைத்தார்.

"கல்யாணமா, காதுகுத்தா, எதுக்குக்கா தட்டு?" என்று கேட்டேன்.

"நான் பாகூருக்கு வாழப் போனப்போ அந்தத் தெரு என் மூஞ்சிய பாக்கலடா, பின்னாடி வந்த தட்டத்தான் பாத்துது. இவளுக்கும் ஜனம் இருக்குதுன்னு நாலு பேர் பாக்கட்டும். நீ வண்டிய எடு."

எடுத்தேன். வேறென்ன செய்ய?

ரேவதி என்ற பிள்ளைக்கு அரியாங்குப்பத்தில் ஒரு மாடி வீடு அமைந்தது. டவுனில் மருந்துக் கடையில் வேலை. குடிபோகும் நாள் காலையிலேயே இல்லத்தில் அவள் கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது. திரும்பிப் போக இடமில்லை. அரிசி, பருப்பு, மஞ்சள், உப்பு, பூ, பழம் என்று தட்டுகளோடு சித்தியும் அத்தைகளும் பட்டுப்புடவையில் இறங்கினார்கள். அடுப்பும் குடமும் பாயும் என் குட்டி யானை வண்டியில் பின்னால் வந்தன. ரேவதி தலை நிறையப் பூ வைத்திருந்தாள். இதையெல்லாம் பார்த்த வீட்டுக்காரர் ஓடிவந்து கேட்டைப் பூட்டினார்.

"இன்னாம்மா இது? கல்யாணம்னு சொல்லவே இல்லியே. மாப்பிள்ளை எங்க? இழுத்துக்கினு ஓடியாந்த கேஸா? நாளைக்கு போலீஸ் வந்து என் வூட்டாண்ட நிக்கும். வேற எடம் பாருங்க."

தெருவே கூடிவிட்டது.

"மாப்பிள்ளையே இல்லீங்க. பொண்ணு மட்டுந்தான் குடித்தனம் வருது" என்றார் அக்கா.

"தனியா வர்றவளுக்கு எதுக்கு சீரு?"

"தனியா வர்றவளுக்குத்தாங்க வேணும். கட்டிக்கினு போறவளுக்கு ரெண்டு வூட்டு ஜனம் இருக்குது. இவளுக்கு நாங்கதான். நல்லது கெட்டதுன்னா எங்களக் கூப்புடுங்க, வந்து நிப்போம்."

"உனுக்கு இவ இன்னா மொறை?"

"பொண்ணு."

"பெத்த பொண்ணா?"

"நீங்க வூடு வாடகைக்கு வுடுறீங்களா, ஜாதகம் பாக்குறீங்களா?"

கூட்டமே சிரித்தது. முதலில் சிரித்தது உள்ளே இருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் மனைவிதான். வந்து பூட்டைத் திறந்து, அக்கா கையிலிருந்த மஞ்சள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சீர்த்தட்டு கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? அன்று அந்த மாடியில் பால் பொங்கியது. இவர் என் அக்கா என்று அந்தத் தெருவில் எல்லோரிடமும் வலியப் போய்ச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அப்படிக் குடிபோன பிள்ளைகளில் நர்ஸ் இருக்கிறார், ஆசிரியை இருக்கிறார், மதகடிப்பட்டில் தையல் கடை வைத்து இரண்டு பேருக்கு வேலை கொடுப்பவர் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. அக்கா படுக்கையில் விழுந்ததும் எங்கள் யாரையும் அவர்கள் கிட்டே விடவில்லை. முறைபோட்டுக்கொண்டு குளிப்பாட்டினார்கள், தலை வாரினார்கள். கடைசி மூச்சு போனதும் ரேவதியின் மடியில்தான்.

இறுதிக் காலத்தில் கவனித்த மருத்துவருக்கும், பந்தல் போட்டதிலிருந்து காரியம் முடியும்வரை கூடவே நின்ற தெருக்காரர்களுக்கும், எங்களை நம்பி வீட்டுச் சாவி கொடுத்த அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இல்லத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி என்று முதலில் எழுதி, சரிபார்க்கச் சொல்லி ரேவதிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இன்னா மாமா எழுதிக்கிறீங்க? அம்மாவ பாத்துக்கினதுக்கு பொண்ணுங்களுக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களா? அந்த வரிய எடுங்க மொதல்ல."

எடுத்துவிட்டேன். ஆகவே அவர்களுக்கு இங்கே நன்றி இல்லை. அவர்கள் பெயர்களைப் பின்னால், 'மகள்கள்' என்று தலைப்பிட்டுப் போட்டிருக்கிறோம். ஒரு பக்கம் போதவில்லை.